குசினிக்குள் ஏன் வைஃபை வருவதில்லை?

கொக்குவிலில் பெரியம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏழு மணி என்றால் அது கனடாவுக்கு உரிய நேரம். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் அப்போது காலை ஒன்பதரை. பேத்தி அங்கே கதிரையில் வந்து இருப்பாள். பெரியம்மா இங்கே குசினியில் புட்டுக்கு மா குழைத்தபடி அவளோடு கதைப்பார். போன மாதம் ஒருநாள் அந்த நேரத்தில் எனக்குக் கோல் வந்தது.

"தம்பி, பிள்ளையின்ர முகம் அப்பிடியே சிலை மாதிரி நிண்டிட்டுது. சத்தமும் விட்டுவிட்டு வருது. மாதாமாதம் காசு கட்டுறம்தானே, பிறகென்ன?"

கட்டுகிறார்கள்தான். பைபர் இணைப்பு, வேகம் 100 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 100 மெகாபிற். நான் போய் முன் அறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், எல்லாம் பறந்தது. குசினிக்குப் போனேன். போனில் ஒரே ஒரு கோடு, அதுவும் வருவதும் போவதுமாக இருந்தது. பெரியம்மா காசு கட்டி வாங்கும் இணையம் முன் அறை வரை குறையில்லாமல் வந்துவிடுகிறது. அங்கிருந்து குசினிக்கு இருக்கும் நாற்பது அடிக்குள்தான் அது காணாமல் போகிறது.

எது பழுது?

"நெற் ஸ்லோ" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு பயணங்கள் இருக்கின்றன. வெளியில் இருந்து ரவுட்டர் வரை பைபர் கம்பியிலோ 4ஜி கோபுரத்தில் இருந்தோ வருவது ஒன்று. ரவுட்டரில் இருந்து உங்கள் கையில் இருக்கும் போன் வரை காற்றில் வருவது மற்றது. இந்த இரண்டாவதற்குத்தான் வைஃபை என்று பெயர். தண்ணி வரவில்லை என்றால் கிணறு வற்றிவிட்டதா, குழாயில் அடைப்பா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டர் கடைக்குப் போவோம். வைஃபை என்றால் மட்டும் நேரே கடைக்குப் போய் "பவர் கூடின ரவுட்டர் ஒன்று தாங்கோ" என்று கேட்கிறோம்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ரவுட்டரில் இருந்து ஆறேழு அடி தள்ளி நின்று ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். பிறகு தொல்லை தரும் இடத்தில் நின்று அதே சோதனையைச் செய்யுங்கள். பக்கத்தில் நிற்கும்போதும் மந்தமாக இருந்தால், ஒரே நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பெரிதாக எதையும் இறக்கவில்லை என்றால், பிழை வெளியே இருந்து வரும் இணைப்பில். இணைப்புத் தந்த நிறுவனத்துக்குத்தான் சொல்லவேண்டும், இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. பக்கத்தில் வேகம், தூரத்தில் மந்தம் என்றால் தொடர்ந்து வாசியுங்கள். ஒரு எச்சரிக்கை: 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து வினாடி சோதனை 125 மெகாபைட்டை விழுங்கிவிடும். அளவு போட்ட டேற்றா பக்கேஜ் வைத்திருப்பவர்கள் விளையாட்டாக இருபது தரம் சோதிக்கவேண்டாம்.

ஜாம் போத்தல் விளக்கு

வைஃபை என்பது வானொலி அலை. வீட்டு ரவுட்டர் ஒன்று அதை அனுப்பும் வலு ஏறக்குறைய 100 மில்லிவாற்று, அதாவது ஒரு வாற்றில் பத்தில் ஒன்று. சாமியறையில் இரவு முழுக்க எரியும் குட்டி எல்ஈடி பல்பு இதைவிடப் பலமடங்கு கரண்ட் குடிக்கும். இவ்வளவு சின்ன வலுதான் சுவர்களைக் கடந்து வீடு முழுக்கப் போகவேண்டும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி, அதைச் சுற்றி நாலு பிள்ளைகள். விளக்கை எங்கே வைப்போம்? நடுவில், மேசைக்கு மேல். அலுமாரிக்குப் பின்னால் யாராவது வைப்பார்களா? ஆனால் ரவுட்டரை அங்கேதான் வைக்கிறோம். பெரியம்மா வீட்டில் அது முன் அறை மூலையில், இரும்பு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், நிலத்தில் இருந்தது. கம்பி அந்த யன்னலால் வந்ததாம், பூட்ட வந்தவர் அங்கேயே வைத்துவிட்டுப் போனாராம். பார்வைக்கு வடிவாக இல்லை என்று அதற்கு மேல் ஒரு துணியும் போட்டிருந்தார்கள். துணியால் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது, ரவுட்டர்தான் சூடாகும். அலுமாரி வேறு விஷயம். உலோகத்தில் பட்ட அலை திரும்பிவிடும். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தகரக் கூரை, பெரிய நிலைக்கண்ணாடி எல்லாம் ஒன்றுதான். கண்ணாடியின் முதுகில் பூசியிருப்பதும் உலோகப் பூச்சே.

தண்ணீர் அலையை உறிஞ்சும். மீன் தொட்டி, நிறைந்த தண்ணீர்த் தாங்கி, மழையில் நனைந்த மாமரம், ஏன், இடையில் நிற்கும் ஆட்களும்கூட. வீட்டில் விசேஷம் வைத்து ஐம்பது பேர் நிறைந்திருக்கும்போது நெற் இழுக்காததற்கு ஐம்பது போன்கள் மட்டும் காரணமில்லை.

பிறகு சுவர். பலகைக் கதவு அதிகம் தடுக்காது. சீமெந்துக் கல் சுவர் ஓரளவு தடுக்கும். கம்பி கட்டிய கொன்கிறீற் தட்டு நிறையத் தடுக்கும். கீழே ரவுட்டர் வைத்து மேல்மாடியில் பாடம் நடத்துகிறவர்கள் படும் பாடு அதனால்தான். எங்கள் பழைய நாற்சார் வீடுகளின் கதை தனி. கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே அலையையும் தடுக்கும். ஆனால் அந்த வீடுகளில் ஒரு வாய்ப்பும் உண்டு. நடு முற்றம் திறந்த வெளி. முற்றத்தைப் பார்த்தபடி உள் விறாந்தையில் ரவுட்டரை வைத்தால் நாலு பக்க அறைகளுக்கும் கதவு, யன்னல் வழியே அலை போய்ச் சேரும். புது வீடுகளில் இந்த வசதி இல்லை.

சுவரின் தடிப்பைப் போலவே அதைக் கடக்கும் கோணமும் முக்கியம். ஒன்பது அங்குலச் சுவரை நேராகக் கடந்தால் ஒன்பது அங்குலம். சரிவாகக் கடந்தால் ஒன்றரை அடி, இரண்டு அடி ஆகிவிடும். மூலையில் வைத்த ரவுட்டரில் இருந்து வீட்டின் எதிர் மூலைக்கு அலை எல்லாச் சுவரையும் சரிவாகத்தான் கடக்கவேண்டும்.

வடையும் ஒலிபெருக்கியும்

ரவுட்டரில் நிற்கும் அன்ரெனாக் குச்சியைப் பலர் குசினிப் பக்கம் துப்பாக்கி போல நீட்டி வைக்கிறார்கள். அலை குச்சியின் நுனியால் பாய்வதில்லை. ஒரு உளுந்து வடையை எடுத்து அதன் ஓட்டைக்குள் குச்சியைச் செருகினால் எப்படி இருக்கும், அந்த வடையின் வடிவத்தில்தான் அலை பரவும். குச்சி நேராக நின்றால் வடை கிடையாக, ஒரே தளத்தில் நாலாபக்கமும் விரியும். நுனிக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை, அங்கே சிக்னல் குறைவு. மேல்மாடி இல்லாத வீட்டுக்குக் குச்சிகள் நேராக நிற்கட்டும். மேல்மாடிக்கும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைச் சரித்துவிடலாம். கடையில் "கூடின டிபிஐ" என்று விற்கும் நீள அன்ரெனா புதிதாக வலு எதையும் உண்டாக்காது. வடையைத் தட்டையாக அமத்தி அகலமாக்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது நான் ஆளுக்கு ஆள் சொல்லிக் களைத்துப்போன விஷயம். திருவிழா நேரம் கோயில் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். நாலு ஒழுங்கை தள்ளி இருக்கும் வீட்டிலும் ஐயர் சொல்வது தெளிவாகக் கேட்கும். நீங்கள் விறாந்தையில் இருந்து "என்ன ஐயா?" என்று கேட்டால் அவருக்குக் கேட்குமா? வைஃபை வானொலிப் பெட்டி மாதிரி ஒருபக்கச் சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் "கிடைத்தது" என்று போன் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் ரவுட்டர் அதே துண்டை மறுபடி அனுப்பும், மறுபடியும் அனுப்பும். போனின் அன்ரெனா சின்னது, பற்றரியை மிச்சம் பிடிக்க அதன் வலுவும் குறைவு. போனில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்று அவை சொல்வதில்லை. கோடு நிறைய நிற்கும்போதே வீடியோ உறைந்துபோவதற்கு இது ஒரு காரணம். "பவர் கூடின" ரவுட்டர் வாங்கினால் கோயில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினது மாதிரி. உங்கள் குரல் அதே குரல்தான்.

அதனால் செய்யவேண்டியது ஒன்றுதான்: ரவுட்டரையும் போனையும் ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவருவது. மிச்சம் எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது பற்றித்தான்.

அளந்து பாருங்கள்

கோடுகளை நம்பவேண்டாம், ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு மாதிரிக் கீறும். அன்ட்ரொயிட்டில் "வைஃபை அனலைஸர்" என்று தேடினால் இலவசச் செயலிகள் பல வரும். ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி என்ற செயலியில் ஸ்கானரை இயக்கிப் பார்க்கலாம். அவை சிக்னலை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு காட்டும். பூச்சியத்துக்குக் கிட்டவாக இருந்தால் நல்லது. -50 அருமை. வீடியோ கோலுக்கு -67 வரை பயமில்லை. -75க்குக் கீழே போனால் இழுபறி, -85க்கு அப்பால் பெயர் மட்டும்தான் தெரியும். இது மடங்குக் கணக்கு என்பதால் 3 குறைந்தால் வலு பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. -60க்கும் -80க்கும் வித்தியாசம் நூறு மடங்கு.

போனைக் கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றி நடந்து ஒரு கடதாசியில் எழுதுங்கள். பெரியம்மா வீட்டில் நான் எழுதியது இது: முன் அறை -41, சாப்பாட்டு அறை -63, குசினி -79, கிணற்றடி -88. அலுமாரிக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்து, அந்தக் கம்பி எட்டும் தூரத்தில் ஒரு ஸ்ரூல் மேல், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன். குசினி -72 ஆனது. ஒரு சதம் செலவில்லை, வலு ஐந்து மடங்கு. கோல் உறைவது குறைந்தது, நிற்கவில்லை.

இதற்கு மேலும் ரவுட்டரை நகர்த்த வேண்டும் என்றால் பைபர் கம்பியை நீங்களாக இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது தலைமயிர்த் தடிப்புக் கண்ணாடி இழை, முடக்கினால் முறியும். நிறுவனத்துக்குச் சொன்னால் மாற்றித் தருவார்கள். புதிதாகப் பூட்டுகிறவர்கள் பூட்ட வருகிற அன்றே வீட்டின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் கூட இருக்கிறது. அது கோபுரத்தையும் பார்க்கவேண்டும், வீட்டையும் பார்க்கவேண்டும். கோபுரத்துக்கு நல்ல இடம் மேல்மாடி யன்னலாக இருக்கும், வீட்டுக்கு நல்ல இடம் நடு அறையாக இருக்கும். இரண்டில் கோபுரத்துக்கே முதலிடம் கொடுங்கள். உள்ளே வராததை ஊருக்குப் பங்கிட முடியாது. வீட்டுக்குள் பங்கிட வேறு வழி பிறகு சொல்கிறேன்.

இரண்டு அலைவரிசைகள்

இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டில் பேசும். 2.4க்கு வேகம் குறைவு, ஆனால் சுவரைக் கடந்து தூரம் போகும். 5 வேகமானது, இரண்டு சுவரோடு களைத்துவிடும். குசினிக்கு 2.4, ரிவி இருக்கும் அறைக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். போன் பிடிவாதமாக 5ஐயே பிடித்துக்கொண்டு தொங்கினால் இரண்டுக்கும் வேறுவேறு பெயர் வைத்துவிடுங்கள்.

2.4இல் நெரிசல் கூட. பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.45 கிகாஹேர்ட்ஸ் அளவில்தான். கறி சூடாக்கும் இரண்டு நிமிடத்துக்குக் கோல் தடுமாறினால் காரணம் அதுவாக இருக்கலாம். இந்த அலைவரிசையைச் சனல்கள் என்று சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றோடொன்று முட்டாதவை 1, 6, 11 மூன்றுதான். அனலைஸரில் அயலவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்து, ஆள் குறைந்ததை எடுங்கள். நெருக்கமாக வீடுகள் இருக்கும் நகரப் பக்கத்தில் இது பலன் தரும். நாலு பரப்பு வளவுக்கு நடுவில் தனியாக நிற்கும் வீட்டில் இதற்காக மினைக்கெடவேண்டாம்.

பெட்டி வாங்குவதென்றால்

ரிப்பீற்றர் என்று பிளக்கில் செருகும் ஒரு குட்டிப் பெட்டி விற்கிறார்கள். மலிவு. நானும் முன்பு ஒரு கடையில் அவர்கள் சொன்னதைக் கேட்டு ஒன்று வாங்கி, சிக்னல் இல்லாத பின் அறையில் கொண்டுபோய்ச் செருகினேன். போனில் எல்லாக் கோடும் வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. பிழை பெட்டியில் இல்லை, நான் வைத்த இடத்தில். காது கேளாதவரிடம் செய்தியைக் கொடுத்து உரத்துச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வார்? ரிப்பீற்றரைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்கக்கூடாது. பாதி வழியில், -65 அளவில் கிடைக்கும் இடத்தில் வைக்கவேண்டும். அப்படி வைத்தாலும் மலிவான வகை ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். வட்ஸ்அப் கோலுக்குப் பாதி வேகமே தாராளம் என்பதும் உண்மை. அதற்கு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் போதும்.

மெஷ் என்பது இதன் படித்த தம்பி. இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் ஒன்றாக இயங்கும், நடக்க நடக்கப் போன் தானாக அடுத்த பெட்டிக்கு மாறும். நன்றாக வேலை செய்யும், விலைதான் கையைக் கடிக்கும். தடித்த சுவர் வீட்டில் அந்தப் பெட்டிகளும் தங்களுக்குள் காற்றில்தான் பேசவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

என்னைக் கேட்டால் கம்பிதான். லான் கேபிள் (ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் கம்பி) ஒன்றை ரவுட்டரில் இருந்து தேவையான இடத்துக்கு இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரைப் பூட்டுவது. கேபிளுக்குச் சுவரும் தெரியாது, மைக்ரோவேவும் தெரியாது. கற் 5ஈ கேபிள் 100 மீற்றர் வரை 1000 எம்பிபிஎஸ் கொண்டுபோகும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் அதே விலைப் பேச்சோடு விற்கப்படுகிறது.

இரண்டாவது ரவுட்டர் புதிதாக இருக்கவேண்டியதில்லை. பைபர் வர முன், ரெலிபோன் கம்பியில் இணையம் வந்த காலத்தில் பாவித்த பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் பல வீட்டு லாச்சிகளில் தூங்குகிறது. பெரியம்மா வீட்டிலும் ஒன்று, பழைய சாவிகளுக்கும் பற்றரிகளுக்கும் அடியில் கிடந்தது. அதை முதலில் தனியாகக் கணினியோடு இணைத்து மூன்று மாற்றங்கள் செய்தேன். ஒன்று, அதன் முகவரி 192.168.1.1 ஆக இருந்ததை 192.168.1.2 ஆக்கினேன், புது ரவுட்டரும் அதே முதல் முகவரியில் இருந்ததால் இரண்டும் சண்டை பிடிக்கும். இரண்டு, டிஎச்சிபி என்ற வசதியை நிறுத்தினேன். போன்களுக்கு முகவரி பங்கிடும் வேலை அது, ஒரு வீட்டில் ஒரு ஆள் செய்தால் போதும். மூன்று, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முன் அறை ரவுட்டரில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து வைத்தேன், சனல் மட்டும் வேறு: அங்கே 1, இங்கே 11. புதிய ரவுட்டர்களில் "அக்செஸ் பொயின்ற்" என்று ஒரு தெரிவு இருந்தால் முதல் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கேபிளின் இரு முனைகளையும் லான் என்று எழுதிய ஓட்டைகளில் செருகவேண்டும். மேலே சொன்ன 4ஜி ரவுட்டர்காரர்களுக்கும் வழி இதுதான்: யன்னலில் ஒன்று, நடு அறையில் மற்றது, இடையில் கேபிள்.

இப்படிச் செய்யும்போது போன் சிலவேளை தூரத்து ரவுட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு வரும். வைஃபையை ஒருதரம் நிறுத்திப் போட்டால் கிட்ட இருப்பதைப் பிடிக்கும். கரண்ட் போனால் இரண்டு ரவுட்டரும் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த நாட்களில் நான் வாங்கிய குட்டி 12 வோல்ற் யூபிஎஸ், கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் பற்றரிப் பெட்டி, இன்னும் உழைக்கிறது. வாங்கினால் இரண்டுக்கும் வாங்கவேண்டும்.

வளவுக்குக் குறுக்கே வேறு கட்டடத்துக்குக் கேபிள் இழுப்பவர்கள் கவனம். ஐப்பசி கார்த்திகை இடிமின்னல், வெளியே ஓடும் செம்புக் கம்பியில் ஏறினால் இரு முனையிலும் இருப்பதைச் சேர்த்துக் கருக்கிவிடும். வெளியில் பாவிக்கும் தடித்த உறைக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, இடி முழங்கும்போது இரு பக்கமும் கழற்றிவிடுங்கள். கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் அந்தத் துண்டுக்குப் பைபரே போடலாம், கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

பெரியம்மா வீட்டில் வெளிவேலை இல்லை. பன்னிரண்டு மீற்றர் கேபிள், சுவர் ஓரமாக ஆணிக் கிளிப் அடித்து, கதவு நிலைகளுக்கு மேலால் சாப்பாட்டு அறை வரை. பழைய ரவுட்டரைக் குசினி வாசலுக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டினேன். அது 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் கொண்டுபோகாத பழைய வகை. இணைப்பே அவ்வளவுதான் என்பதால் குறை தெரியவில்லை. போனை அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தேன்: -48.

அடுத்த ஞாயிறு பேத்தி புட்டு அவிவதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் இப்போது -74. அதையும் சரிபண்ணலாம் என்றேன்.

"அங்கையாவது என்னை நிம்மதியா குளிக்க விடுங்கோ" என்றார் பெரியப்பா.